டர்ஹாம் ஆயர் பதவி: பட்டியலுக்குப் பின்னால் இருப்பது என்ன?

இங்கிலாந்தின் ஏதாவது ஒரு மறைமாவட்டத்தைத் தேடினால் ஆயர்களின் நீளமான பட்டியல் ஒன்று கிடைக்கும். பெயர், பதவியேற்ற ஆண்டு, விலகிய ஆண்டு. அதை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பதவியைப் புரிந்துகொள்ள முடியாது. ஆயர் பதவி என்பது மூன்று தனித்தனிச் சங்கதிகளின் கூட்டு. முதலாவது இருக்கை: ஆயரின் நாற்காலி எந்த ஆலயத்தில் இருக்கிறதோ அதுதான் பேராலயம். இரண்டாவது எல்லை: எந்தெந்த ஊர்ப் பங்குகள் அவருக்குக் கீழே வருகின்றன என்பது. மூன்றாவது சொத்து: பதவியோடு ஒட்டி வரும் நிலம், வருமானம், அவற்றின் மேல் உள்ள அதிகாரம். இந்த மூன்றும் ஒன்றாகப் பிறப்பதும் இல்லை, ஒன்றாக மாறுவதும் இல்லை.

இதைக் கற்றுக்கொள்ள வடகிழக்கு இங்கிலாந்திலுள்ள டர்ஹாமைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அங்கே இருக்கை மூன்று ஊர்களில் இருந்திருக்கிறது. எல்லை பாதியாக வெட்டப்பட்டிருக்கிறது. சொத்தோ ஒரு குட்டி அரசாங்கமாகவே வளர்ந்து, பிறகு துண்டு துண்டாகப் பறிபோனது. (இக்கட்டுரையில் ஆயர் என்றால் பிஷப்; பேராயர் என்றால் கேன்டர்பரி, யார்க் என்ற இரண்டு ஆர்ச்பிஷப்புகள் மட்டும். தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ. வழக்கில் பிஷப்பையே பேராயர் என்பதால் இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.)

சவப்பெட்டி போன இடமெல்லாம் இருக்கை

635-இல் வடக்கு இங்கிலாந்தின் அன்றைய அரசான நார்தம்பிரியாவின் மன்னர் ஆஸ்வால்ட், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலிருக்கும் அயோனா மடத்திலிருந்து எய்டன் என்ற துறவியை வரவழைத்து, லிண்டிஸ்ஃபார்ன் தீவைக் கொடுத்தார். கடல் வற்றும் நேரத்தில் மட்டும் நடந்து போகக்கூடிய தீவு அது. அங்கேதான் இந்த ஆயர் பதவி தொடங்குகிறது.

பதவிக்குப் பெரும்பேர் வாங்கித் தந்தவர் கத்பர்ட். 685 முதல் 687 வரை இரண்டே ஆண்டுகள்தான் ஆயராக இருந்தார். இறந்து 11 ஆண்டுகள் கழித்து, 698-இல் கல்லறையைத் திறந்தபோது உடல் கெடாமல் இருந்ததாகத் துறவிகள் அறிவித்தார்கள். யாத்திரிகர்கள் வந்தார்கள், மன்னர்கள் நிலம் எழுதிவைத்தார்கள். அந்த நிலங்கள் ஆயரின் பெயரில் வரவில்லை, கத்பர்ட்டின் பெயரில் வந்தன. நம் ஊரில் கோயில் நிலம் சாமி பெயரில் இருப்பது போலத்தான்: உரிமையாளர் புனிதர், நிர்வாகி ஆயர். ஆயர்கள் மாறுவார்கள், உரிமையாளருக்குச் சாவே கிடையாது. வாரிசுச் சண்டையில் அந்த நிலம் பிரிந்துபோகாமல் இருந்ததற்கும், பின்னால் வந்த மன்னர்கள் அதில் கைவைக்கத் தயங்கியதற்கும் இது முக்கியமான காரணம்.

793-இல் வைக்கிங்குகள் தீவைச் சூறையாடினார்கள். அப்போதும் துறவிகள் போய்விடவில்லை. 875-இல்தான் கத்பர்ட்டின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சில ஆண்டுகள் அலைந்துவிட்டு 883 வாக்கில் செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் தங்கினார்கள். அங்கே நூறாண்டுக்கு மேல் இருந்தபின் 995-இல் ஆயர் ஆல்டனின் காலத்தில் டர்ஹாமுக்கு வந்தார்கள். வேர் ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓடும் செங்குத்தான மேடு. காவலுக்கு அதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை. பட்டியலில் "லிண்டிஸ்ஃபார்ன் ஆயர்", "செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட் ஆயர்", "டர்ஹாம் ஆயர்" என்று தனித்தனித் தலைப்புகள் இருப்பது இதனால்தான். பதவி ஒன்றே, முகவரிதான் வேறு. இன்னார் எத்தனையாவது ஆயர் என்ற எண் நூலுக்கு நூல் மாறுவதும் எண்ணிக்கையை 635-இல் தொடங்குகிறோமா 995-இல் தொடங்குகிறோமா என்பதைப் பொறுத்ததுதான்.

மன்னர் ஏன் விட்டுக்கொடுத்தார்?

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். வடக்கு அவ்வளவு சீக்கிரம் பணியவில்லை. வில்லியம் மன்னர் அனுப்பிய ராபர்ட் கமின் என்ற ஏர்ல் (ஒரு பகுதியை ஆளும் பிரபு) 1069 ஜனவரியில் டர்ஹாமுக்குள் படையோடு நுழைந்தார்; மறுநாளே கொல்லப்பட்டார். 1071-இல் லொரெய்ன் பகுதியைச் சேர்ந்த வால்கர் ஆயராக்கப்பட்டார். 1076-இல் நார்தம்பிரிய ஏர்ல் வால்தியோஃபின் தலை வெட்டப்பட்டபின், அந்த ஏர்ல் பொறுப்பும் வால்கரிடமே வந்தது. ஆன்மிக அதிகாரமும் படை அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்த முதல் தருணம் அதுதான். முடிவு நல்லதாக இல்லை: 1080 மே மாதம் கேட்ஸ்ஹெட்டில் சமாதானம் பேசப் போன இடத்தில், அவர் ஒதுங்கியிருந்த ஆலயத்துக்குத் தீ வைத்து அவரைக் கொன்றார்கள்.

வால்கர் செத்தாலும் ஏற்பாடு சாகவில்லை. ஸ்காட்லாந்து எல்லை அருகே இருக்கிறது. லண்டன் 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு பிரபுவிடம் முழு அதிகாரத்தைக் கொடுத்தால், அவர் மகன், பேரன் என்று ஒரு வம்சம் வேரூன்றிவிடும். என்றாவது ஒருநாள் மன்னரையே எதிர்க்கும். ஆயருக்குச் சட்டப்படி வாரிசு கிடையாது. அவர் இறந்ததும் அடுத்தவரைப் பொறுக்கும் வாய்ப்பு மன்னரிடமே திரும்பிவருகிறது. டர்ஹாமின் அதிகாரத்தை ஏதோ ஒரு மன்னர் ஒரே சாசனத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரு சாசனம் இல்லை. புனிதரின் பழைய நிலவுரிமை, எல்லைக் காவலின் தேவை, மன்னரின் கணக்கு மூன்றும் சேர்ந்து மெல்ல மெல்ல விளைந்தது அது.

அந்த அதிகாரத்தின் அளவு என்ன? டைன், டீஸ் ஆறுகளுக்கு நடுவே மன்னரின் ரிட் (எழுத்துமூல ஆணை) செல்லாது. நீதிமன்றம் ஆயருடையது, குற்றம் செய்தவர் உடைத்தது மன்னரின் அமைதியை அல்ல, ஆயரின் அமைதியை. வட்டார நிர்வாக அதிகாரியான ஷெரிஃபை ஆயர் நியமிப்பார். சந்தை நடத்த அனுமதி, குற்ற மன்னிப்பு, குற்றவாளியிடம் பறிமுதல் செய்த நிலம், கரையொதுங்கிய கப்பல் எல்லாம் அவர் கையில். வெள்ளிப் பென்னி அடிக்கச் சொந்த நாணயச்சாலையும் இருந்தது. வெளியே மன்னருக்கு இருக்கும் உரிமையெல்லாம் உள்ளே ஆயருக்கு உண்டு என்பது வழக்கறிஞர்கள் வாயில் புழங்கிய விதி. 1086-இல் வில்லியம் மன்னர் எடுக்கச் சொன்ன நாடளாவிய நிலக்கணக்கான டூம்ஸ்டே நூலில் டர்ஹாம் இல்லை. சுமார் நூறாண்டு கழித்து, 1183-இல், ஆயர் ஹ்யூ டி புயிசே தன் நிலங்களுக்குத் தானே எடுத்த கணக்குதான் போல்டன் நூல். எந்த ஊரில் யார் எத்தனை நாள் உழவேண்டும், எத்தனை கோழி தரவேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது.

இங்கே புதிதாகப் படிப்பவர்கள் தவறாமல் குழம்பும் ஓர் இடம் உண்டு. மறைமாவட்டமும் இந்த அரசதிகார எல்லையும் ஒன்றல்ல. மறைமாவட்டம் நார்தம்பர்லாந்து முழுவதையும் சேர்த்து ஸ்காட்லாந்து எல்லைவரை போனது. ஆனால் நார்தம்பர்லாந்தின் பெரும்பகுதியில் அவர் வெறும் ஆயர்தான். அங்கே மன்னரின் ஷெரிஃபே ஆண்டார். அதே நேரம், நார்தம்பர்லாந்துக்குள்ளேயே தீவுகளைப் போல நோரம், பெட்லிங்டன், லிண்டிஸ்ஃபார்னைச் சுற்றிய பகுதி ஆகியவை டர்ஹாம் கவுண்டியின் துண்டுகளாக இருந்தன. யார்க்‌ஷயருக்குள் கிரேக் என்ற ஒற்றைக் கிராமமும் அப்படியே. எல்லாம் கத்பர்ட்டின் பழைய நிலங்கள். பழைய வரைபடத்தில் இந்தத் துணுக்குகளைக் கண்டு அச்சுப்பிழை என்று நினைத்துவிடக் கூடாது. 1844 வரை அவை சட்டப்படி டர்ஹாம்தான்.

இன்னொன்று, பேராலயமே ஆயருக்குச் சொந்தமில்லை. 1083-இல் ஆயர் வில்லியம் (செயின்ட் கேலே ஊர்க்காரர்) பழைய குருக்களை வெளியேற்றிவிட்டு பெனடிக்டைன் துறவிகளைக் குடியேற்றினார். இன்று நாம் காணும் பேராலயத்துக்கு 1093-இல் அடிக்கல் நாட்டியவரும் அவரே. நிலங்கள் ஆயர் பங்கு, மடத்தின் பங்கு என்று பிரிந்தன. மடத்தை நடத்தியவர் பிரயர். ஆயர் எதிரே இருந்த கோட்டையில் வசித்தார். ஒரு புல்வெளிதான் நடுவே. சண்டைக்கு அந்தத் தூரம் போதுமானதாக இருந்தது. 1300-இல் ஆயர் ஆன்டனி பெக், பிரயர் ரிச்சர்ட் டி ஹோட்டனோடு மோதிய வழக்கு ரோம் வரை போனது. அதைச் சாக்காக வைத்து முதலாம் எட்வர்ட் மன்னர் இரண்டு முறை ஆயரின் பதவிச் சொத்து முழுவதையும் பறித்துக்கொண்டார். பெக் சாமானியர் அல்லர். 1298-இல் ஃபால்கிர்க் போரில் படைப்பிரிவு ஒன்றை நடத்தியவர், 1306-இல் ஜெருசலேம் முதுபெருந்தந்தை என்ற பட்டமும் பெற்றவர். இங்கிலாந்தில் இரண்டு மன்னர்கள் உண்டு, ஒருவர் கிரீடம் அணிந்தவர், மற்றவர் ஆயர் முடி அணிந்தவர் என்று அவருடைய காரியக்காரர் பேசியதாகப் பதிவு இருக்கிறது. பேச்சு அப்படி, ஆனால் சொத்தைப் பறிக்க மன்னருக்கு ஓர் உத்தரவு போதுமாக இருந்தது.

யாருக்குக் கிடைத்தது

விதிப்படி ஆயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் மடத்துத் துறவிகள். நடைமுறையில் மன்னரும் போப்பும் பேசி முடிப்பார்கள். 1316-இல் துறவிகள் தங்களில் ஒருவரான ஹென்றி டி ஸ்டாம்ஃபோர்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பதவி கிடைத்ததோ அரசி இசபெல்லாவின் உறவினரான லூயி டி போமோனுக்கு. 1317 செப்டம்பரில் ஆயராகத் திருநிலைப்படுத்தும் அபிஷேகத்துக்காக வந்துகொண்டிருந்தவரை, கூடவந்த இரண்டு கார்டினல்களோடு சேர்த்து, ரஷிஃபோர்டில் கில்பர்ட் டி மிடில்டனின் ஆட்கள் வழிமறித்துக் கொள்ளையடித்தார்கள். ஆயரைப் பணயம் வைத்துப் பணமும் கேட்டார்கள். அபிஷேகம் மறுவருடம் நடந்தது. அவருக்கு லத்தீன் வராது. சடங்கில் ஒரு நீண்ட சொல்லில் சிக்கி, "சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போனாராம். இதை எழுதிவைத்தவர் டர்ஹாம் மடத்துத் துறவி ராபர்ட் டி கிரேஸ்டேன்ஸ். அவர் நடுநிலையாளர் என்று சொல்ல முடியாது, ஆகவே கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கலாம்.

பொதுவாக இந்தப் பதவி மன்னரின் மூத்த அலுவலர்களுக்குக் கொடுக்கப்பட்ட சன்மானம். ரானுல்ஃப் ஃபிளாம்பார்ட் (1099–1128) வரி வசூலில் பேர்பெற்றவர். காலியாக இருக்கும் ஆயர் பதவிகளின் வருமானத்தை மன்னர் இரண்டாம் வில்லியமுக்கு (ரூஃபஸ்) திருப்பிவிட்டவர் அவரே. மன்னர் மாறியதும் லண்டன் டவரில் அடைக்கப்பட்டார். 1101 பிப்ரவரியில், மதுக்குடத்தில் ஒளித்து வந்த கயிற்றைப் பிடித்து இறங்கித் தப்பினார். தாமஸ் லாங்லி (1406–1437) மன்னரின் முத்திரையைக் காக்கும் மூத்த அலுவலரான லார்ட் சான்சலராக இரண்டு முறை இருந்தவர். ரிச்சர்ட் ஃபாக்ஸின் பாதையைப் பார்த்தால் ஏணி புரியும்: 1487 எக்ஸெட்டர், 1492 பாத் அண்ட் வெல்ஸ், 1494 டர்ஹாம், 1501 வின்செஸ்டர். டர்ஹாமை விட்டு ஒருவர் வின்செஸ்டருக்குப் போனால் அது பதவி இறக்கமல்ல. வருமானத்தில் வின்செஸ்டர்தான் மேல். கார்டினல் தாமஸ் வூல்சி 1523 முதல் 1529 வரை யார்க் பேராயர் பதவியோடு டர்ஹாமையும் சேர்த்து வைத்திருந்தார். அந்த ஆறு ஆண்டுகளில் அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

திரும்ப வாங்கியது

1536-இல் எட்டாம் ஹென்றியின் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று ரிட், மன்னிப்பு, நீதிபதி நியமனம் ஆகியவற்றை மன்னர் பெயருக்கு மாற்றியது. நீதிமன்றங்கள் தொடர்ந்தன, அவற்றின் உயிர்நாடி போய்விட்டது. 1539-இல் மடம் கலைக்கப்பட்டது. 1541-இல் பேராலயத்தை நடத்த டீன் என்ற தலைவர் ஒருவர், கேனன்கள் என்ற குருக்கள் 12 பேர் என்று புதிய குழு அமைந்தது. கடைசிப் பிரயர் ஹ்யூ வைட்ஹெட்டே முதல் டீன் ஆனார். ஆட்கள் மாறவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது என்றுகூடச் சொல்லலாம்.

1553 மார்ச்சில் ஆறாம் எட்வர்டின் அரசு டர்ஹாம் ஆயர் பதவியையே சட்டம் போட்டுக் கலைத்தது. டர்ஹாம், நியூகாசில் என்று இரண்டாகப் பிரிப்பதாகத் திட்டம். ஜூலையில் சிறுவயது மன்னர் இறந்தார். அடுத்து வந்த மேரி 1554-இல் பழையபடி ஆக்கினார். அப்போதைய ஆயர் கத்பர்ட் டன்ஸ்டல் ஏற்கெனவே பதவி பறிக்கப்பட்டுச் சிறையில் இருந்தவர். பட்டியலில் அவருக்கு நேரே "1530–1559" என்று ஒரே வரிதான் இருக்கும். அதற்குள் ஒரு பதவி நீக்கம், பதவியே இல்லாத ஓராண்டு, ஒரு மறுநியமனம், எலிசபெத் காலத்தில் இன்னொரு நீக்கம் எல்லாம் ஒளிந்திருக்கின்றன.

1646 முதல் 1660 வரை, உள்நாட்டுப் போரின் விளைவாக இங்கிலாந்தில் ஆயர் பதவியே இல்லை. மீண்டபின் வந்த ஜான் கோசின், டர்ஹாமுக்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் வேண்டும் என்ற கோரிக்கையைக் கடைசிவரை எதிர்த்தார். ஊர்மக்கள் முதன்முதலாக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது 1675-இல், அவர் இறந்த பிறகு. எஞ்சிய அரசதிகாரம் 1836-இல் ஆயர் வில்லியம் வான் மில்டர்ட் இறந்ததும் மகுடத்துக்குப் போனது. 1832-இல் டர்ஹாம் பல்கலைக்கழகம் தொடங்கக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். ஆயர்களின் கோட்டை இன்று அதன் கல்லூரி. மன்னரின் பெயரில் தொடர்ந்த டர்ஹாம் சான்சரி நீதிமன்றம் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முடிவுக்கு வந்தது. "இளவரசர்-ஆயர்" என்ற பட்டம் இன்று சுற்றுலாப் பலகையெங்கும் இருக்கிறது. ஆனால் இடைக்கால ஆவணங்களில் ஆயர்கள் தங்களை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தார் சூட்டியது அது.

எல்லை கடைசியாக மாறியது 1882-இல். நார்தம்பர்லாந்து பிரிந்து நியூகாசில் மறைமாவட்டம் ஆனது. அதனால் எல்லாம் தொடங்கிய லிண்டிஸ்ஃபார்ன் இன்று டர்ஹாம் ஆயரின் எல்லையில் இல்லை.

பட்டியலைப் படிக்கும்போது

ஒரே ஆயருக்கு மூன்று தொடக்க ஆண்டுகள் காணப்பட்டால் மூன்றும் சரியாக இருக்கலாம். தேர்தல், அபிஷேகம், பதவிச் சொத்து கைக்கு வந்த நாள், இருக்கையேற்பு ஆகியவை வெவ்வேறு நாள்கள். சில சமயம் வெவ்வேறு ஆண்டுகள். அபிஷேகம் வாழ்நாளில் ஒரே முறை. வேறு மறைமாவட்டத்திலிருந்து மாறி வந்தவருக்கு டர்ஹாமில் அபிஷேக நாள் தேடினால் கிடைக்காது. 1752-க்கு முன் இங்கிலாந்தின் சட்ட ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பிப்ரவரியில் நடந்த ஒன்றுக்குப் பழைய ஆவணம் ஓராண்டு குறைவாகக் காட்டும்.

ஆண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அங்கே போட்டி நடந்திருக்கிறது. 1141-இல் ஜெஃப்ரி ரூஃபஸ் இறந்தபின் வில்லியம் கமின் என்பவர் ஸ்காட்லாந்து மன்னர் டேவிட்டின் ஆதரவோடு கோட்டையைப் பிடித்துக்கொண்டார். 1143-இல் முறைப்படி ஆயரான வில்லியம் (செயின்ட் பார்ப் ஊர்க்காரர்) 1144 வரை ஊருக்குள் நிலையாகக் கால்பதிக்க முடியவில்லை. இடைவெளி விழுந்தால் மன்னருக்கு லாபம் நடந்திருக்கிறது: 1208 முதல் 1217 வரை ஆயரே இல்லை, வருமானம் மன்னருக்கு. கிரேஸ்டேன்ஸின் கதை இதற்கும் மேலே. 1333-இல் துறவிகள் அவரைத் தேர்ந்தெடுத்து, யார்க் பேராயர் அபிஷேகமும் செய்துவிட்டார். ஆனால் அதற்குள் மூன்றாம் எட்வர்ட் தன் ஆசான் ரிச்சர்ட் டி பரிக்குப் போப்பிடம் பதவியை வாங்கிவிட்டார். கிரேஸ்டேன்ஸ் விலகிக்கொண்டார். அபிஷேகம் ஆனவர், பட்டியலில் இல்லாதவர்.

இன்றைய நியமனத்தில் இதே உறுப்புகள் வேறு வரிசையில் இருக்கின்றன. மகுட நியமன ஆணையம் பெயரைத் தெரிவு செய்கிறது. பிரதமர் வழியாக அது மன்னருக்குப் போகிறது. மன்னர் தேர்தல் நடத்த அனுமதி அனுப்புகிறார், யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கடிதத்தையும் கூடவே வைத்து. கேனன்கள் அவரையே தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு தேர்தல் உறுதிசெய்யப்படும். இந்த நிமிடத்திலிருந்துதான் அவர் சட்டப்படி டர்ஹாம் ஆயர். ஏற்கெனவே ஆயராக இல்லாதவர் என்றால் அதன்பின் அபிஷேகம். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் முடிந்து கடைசியில் பேராலயத்தில் இருக்கையேற்பு. செய்தித்தாள்கள் முதல் அறிவிப்பு நாளையே பதவியேற்பாக எழுதிவிடுகின்றன. பட்டியல்களில் ஓராண்டு வித்தியாசம் வருவதற்கு இன்று இதுதான் பெரிய காரணம்.

அரசதிகாரம் போனபின்னும் சில சலுகைகள் தங்கிவிட்டன. பிரபுக்கள் சபையில் ஆயர்களுக்கு 26 இடங்கள். கேன்டர்பரி, யார்க், லண்டன், டர்ஹாம், வின்செஸ்டர் ஐவருக்கும் பதவியேற்றவுடன் இடம் உண்டு. முடிசூட்டு விழாவில் மன்னரின் வலப்பக்கம் டர்ஹாம் ஆயர் நிற்பார். 2023-இல் மூன்றாம் சார்லஸுக்கு அப்படி நின்றவர் பால் பட்லர். கையெழுத்து ஊர்ப்பெயரின் லத்தீன் சுருக்கமாகிய "டனெல்ம்" என்று முடியும். சின்னத்தில் ஆயர் முடிக்குக் கீழே ஒரு கிரீடமும், கோலுக்குக் குறுக்கே ஒரு வாளும் இருக்கும். மைக்கேல் ராம்சி, ஜஸ்டின் வெல்பி இருவரும் டர்ஹாமில் இருந்து பின்னர் கேன்டர்பரி பேராயர் ஆனவர்கள். ராம்சி நடுவில் யார்க் வழியாகப் போனார், வெல்பி நேரே போனார்.

ஓர் ஆயரின் காலத்தை ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் ஆவணம் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கிறது. அரசதிகாரம் சார்ந்த சான்சரிச் (ஆயரின் எழுத்தகம்) சுருள்களும் நீதிமன்றப் பதிவுகளும் 1868-இல் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டன. இன்று அவை க்யூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மடத்தின் ஆவணங்களும் ஆயரின் நிலக் கணக்குகளும் டர்ஹாமிலேயே, பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பில். ஆயர்களின் பதிவேடுகளில் மிஞ்சியவை சிலவே. எஞ்சியவற்றில் மிகப் பழையது ரிச்சர்ட் கெல்லாவுடையது, 1311 முதல் 1316 வரை. அதற்கு முந்தைய ஆயர் யாரைத் தேடினாலும் அவருடைய சொந்தப் பதிவேடு இருக்காது. மடத்துத் துறவிகளின் வரலாறுகளையும் மன்னரின் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.